வின்னி ஆன்ட்டி பார்க்காத நெருப்பு

உலகத்திலேயே பெரிய நெருப்பு எங்கள் ஆல்மா தெரு நெருப்புதான். ஒரு வருஷம் நவம்பர் ஐந்தாம் தேதி, தெருவுக்குத் தெரு விறகு அடுக்கி நெருப்பு மூட்டி வெடி போடுகிற அந்த ராத்திரி, அதைப் பார்த்துவிட்டு, விடிந்துவிட்டது, நாம்தான் தூங்கிப் போய்விட்டோம் என்று சூரியன் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்து, மில் புகைபோக்கிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது. நிலாவில் இறங்கியவர்கள் அங்கிருந்தபடியே கையை நீட்டிக் குளிர்காய்ந்தார்களாம். இங்கர்மன் தெருக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் நெருப்பில் ஒரு முட்டைகூட வேகாது.

அந்த நெருப்பைக் கட்டுகிறவர் வின்னி ஆன்ட்டி. கட்டுவதும் அவர், பற்றவைப்பதும் அவர். ஆனால் அது எரிந்து விழுவதை மட்டும் அவர் பார்த்ததே கிடையாது. மேலே சொன்னதெல்லாம் புளுகு. இது நிஜம்.

வின்னி ஆக்ராய்ட் எங்கள் தெருமுனை மீன் கடையில் பொரிக்கிறவர். கடைக்கு முதலாளி என்று ஒருவர் வேறு ஊரில் இருக்கிறார், அவரைப் பார்க்க யாருக்கும் ஆசை இல்லை. ஆன்ட்டிக்கு வயது ஐம்பது இருக்கும். முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள். அவற்றை "என் நகை" என்பார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் ஒருமுறை வரிசையில் நின்றபடி கேட்டேன்.

"வந்தவன்ல பாதிப் பேரு மீன் மாதிரி முழிச்சான். மீதிப் பேரு உருளைக்கிழங்கு மாதிரி உக்காந்தான். ரெண்டையும்தான் நாள் பூரா பாக்கறேனே, வீட்லயும் எதுக்கு?" என்றார்.

பிள்ளைகள் காசில்லாமல் போய் நின்றாலும், எண்ணெயில் மிதக்கும் மாவுத் துணுக்குகளை அரித்தெடுத்து, உப்பும் வினிகரும் தெளித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். எங்கள் அப்பா மில் எந்திரத்தில் கையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த குளிர்காலம் முழுக்க, எங்கள் பொட்டலத்தில் மட்டும் வாங்கியதைவிட ஒரு மீன் கூடுதலாக இருக்கும். ஆன்ட்டிக்கு எண்ண வராது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் நெருப்பை ஆண்கள்தான் கட்டுவார்களாம். பியர் குடித்துக்கொண்டே கட்டுவார்கள், அதனால் நெருப்பும் குடித்தவன் மாதிரியே நிற்கும். ஒரு வருஷம் அது சாய்ந்து துணிக்கொடி முழுவதும் எரிந்து, தெருவில் பாதிப் பேருக்கு உள்ளாடை இல்லாமல் போனது. "இதுக்கு ஒரு கழுதை கட்டியிருந்தா ஒழுங்கா கட்டியிருக்கும்" என்றாராம் வின்னி ஆன்ட்டி. "அப்போ நீயே கட்டேன்" என்றார்களாம். கட்டினார். அன்றிலிருந்து அது அவர் பொறுப்பு.

அவர் கட்டுகிற விதமே வேறு. தெருவுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தின் நடுவில் ஒரு கம்பம். அதைச் சுற்றி, இடிக்கிற வீடுகளிலிருந்து இழுத்துவந்த கதவுகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்துவார். உள்ளே சோபா, நாற்காலி, மர அலமாரி. அடியில் ஒரு ஆள் ஊர்ந்து போகிற அளவுக்கு ஒரு பொந்து. "அடுப்பானாலும் சரி, ஆளானாலும் சரி, மூச்சு விட வழி வேணும்" என்பார். உச்சியில் கந்தல் பொம்மை, அதாவது முன்னொரு காலத்தில் இதே ஐந்தாம் தேதி நாடாளுமன்றத்துக்கு வெடி வைக்கப் பார்த்து மாட்டிக்கொண்ட ஆள், அவனை எரிக்கத்தான் இந்த நெருப்பே. எங்கள் தெருவில் அந்த ஆளுக்கு வருஷா வருஷம் யாரோ ஒருவருடைய நல்ல கோட்டு தவறுதலாகப் போய்ச் சேரும். போன வருஷம் எங்கள் அப்பாவுடையது.

ஐந்தாம் தேதி இருட்டியதும் ஆன்ட்டி துடைப்பக்கட்டையால் விறகை நாலு பக்கமும் தட்டுவார். "உள்ள யாரு? முள்ளெலி இருந்தா வெளிய வா. இங்கர்மன் தெருப் பசங்க இருந்தா உள்ளயே இரு" என்று குரல் கொடுப்பார். பிறகு மண்ணெண்ணெய்த் துணியோடு பொந்துக்குள் ஊர்ந்து போய்ப் பற்றவைத்துவிட்டு, புருவம் கருக வெளியே வருவார். எல்லோரும் கைதட்டுவோம். அடுத்த நிமிஷம் அவர் வீட்டைப் பார்த்து நடையைக் கட்டிவிடுவார். அவர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் எங்கள் தெருவில் முதல் ராக்கெட் கிளம்பும். அது சட்டம்.

காரணம் மேஜர்.

மேஜர் ஒரு நாய். பந்தயத்துக்கென்று வளர்த்த ஒல்லி நாய், நாலு குச்சியில் ஒரு கைக்குட்டையைக் காயப்போட்ட மாதிரி இருக்கும். ஓடிய முதல் பந்தயமே கடைசிப் பந்தயம். கூண்டுக் கதவு டமாலென்று திறந்ததும் மற்ற நாய்கள் முன்னால் ஓடின. மேஜர் பின்னால் ஓடிப் போய், சொந்தக்காரருடைய காரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "இதை ஆத்துல போட வேண்டியதுதான்" என்று அவர் மீன் கடை வரிசையில் நின்று சொன்னார். ஆன்ட்டி போட்ட சத்தத்தில் அவர் வாங்க வந்த மீனையும் நாயையும் விட்டுவிட்டுப் போனார், ஆன்ட்டி நாயை வைத்துக்கொண்டார்.

மேஜருக்குப் பயமில்லாத பொருள் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. குடை, பால் வண்டி, பாதிரியார், தன்னுடைய வால். ஆனால் வெடிக்கு அது பயப்படுவது வேறு மாதிரி. அதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. நவம்பர் பிறந்து பையன்கள் தெருவில் வெடி போட ஆரம்பித்தால் சாப்பாட்டைத் தொடாது. வெளியே போக மறுத்து, விரிப்பிலேயே ஒன்றுக்கு இருந்துவிட்டு, குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்து நிற்கும். அது வந்த முதல் வருஷம், ஆன்ட்டி முதல் நெருப்பைக் கட்டியதும் அதே வருஷம்தான், ஆன்ட்டியின் தங்கை எடித் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வந்து உட்கார்ந்தார். ராக்கெட் எப்படிப் போகிறது என்று கதவை ஒரு விரல் அளவு திறந்தார். அந்த ஒரு விரல் சந்தில் மேஜர் போய்விட்டது, எரிகிற நெருப்பை விட்டுவிட்டு ஆன்ட்டியும் அதைத் தேடிப் போய்விட்டார். மறுநாள் ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம், பாதமெல்லாம் கிழிந்து கிடந்ததை ஆன்ட்டி தோளில் போட்டுத் தூக்கிவந்தார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் நம்பவில்லை. பற்றவைத்ததும் வீட்டுக்குப் போய், கரி கொட்டும் நிலவறைப் படியில் உட்கார்ந்து, நாயைக் கோட்டுக்குள் பொத்தி வைத்துக்கொள்வார். எல்லாம் அடங்கிய பிறகு பட்டாணிக் கிண்ணமும் இஞ்சி கேக்குமாக ஆட்கள் அவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எப்படி விழுந்துச்சு?"

நெருப்புக் கட்டுகிறவர்களுக்கு அதுதான் பரீட்சை. எரிவது யார் கட்டினாலும் எரியும். நல்ல நெருப்பு தனக்குள்ளேயே இடிந்து விழ வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் மானம் போச்சு.

"உள்ளதான் வின்னி. குடை மடக்கினாப்ல" என்பார்கள் எல்லோரும். அவர் முகம் இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிடும்.

இப்போது ஒரு உண்மை. அது குடை மடக்கின மாதிரி ஒரு வருஷமும் விழுந்ததில்லை. ஆண்கள் கட்டியதற்கு இது எவ்வளவோ மேல், யாருடைய உள்ளாடையும் எரியவில்லை. ஆனால் கடைசியில் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு பக்கமாகத்தான் சாயும். போன வருஷம் ரொம்பவே சாய்ந்து, மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த க்ளாரன்ஸ் சக்டனின் கக்கூஸ் கதவைக் கருக்கிவிட்டது. க்ளாரன்ஸ் இங்கர்மன் தெரு நெருப்பைக் கட்டுகிறவர். அந்த நேரத்தில் அவர் உள்ளே இருந்தார்.

அதை அவரால் மறக்க முடியவில்லை. இந்த அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, வரிசை கதவுக்கு வெளியே வரை நின்றிருந்தபோது, மீன் கடைக்குள் நுழைந்தார்.

"என்ன வின்னி, இந்த வருஷமும் உன் நெருப்பை என் மேலதான் சாய்க்கப் போறியா? சொல்லிட்டா முன்னாடியே போயிட்டு வந்துடுவேன்."

"என் நெருப்பு உள்ளதான் விழும் க்ளாரன்ஸ். உன் கதவை நீயே சுருட்டுக் குடிச்சுக் கருக்கிக்கிட்டேன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

"ஏம்மா, அது ஒரு வருஷமும் உள்ள விழுந்ததில்ல. உனக்கு மனசு கஷ்டப்படும்னு தெருவே சேந்து பொய் சொல்லுது. வேணும்னா கேட்டுப் பாரு."

வரிசை முழுக்க வினிகர் புட்டியைப் பார்த்தது. எங்கள் அம்மா மெனு பலகையைப் படித்தாள். அதில் இரண்டு வரிதான் இருக்கிறது, அம்மா ரொம்ப நேரம் படித்தாள். ஆன்ட்டி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நெவில், இங்க இருக்கறதுலயே பெரிய பொய்யன் நீதான். நீ சொல்லு. எப்படி விழுந்துச்சு?"

"உள்ளதான் ஆன்ட்டி. குடை மடக்கினாப்ல."

என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் பொய் சொன்னதே இல்லை. அப்படியும் அவர் கண்டுகொண்டார். எண்ணெயில் ஒரு மீன் கறுகிக்கொண்டிருந்தது. அவர் கடையில் மீன் கறுகி நான் பார்த்ததே இல்லை.

"சரி" என்றார். "இந்த வருஷம் கட்டறேன். என் கண்ணால பாக்கணும். பாக்க முடியலைன்னா இதோட விட்டுடறேன், அடுத்த வருஷம் எவன் வேணா கட்டிக்கட்டும். எரியறது எப்படின்னு தெரியாம கட்டறதும், ருசி பாக்காம பொரிக்கறதும் ஒண்ணுதான்."

"மேஜர்?" என்றாள் அம்மா மெதுவாக.

"அதான்" என்றார் ஆன்ட்டி.

மறுபடி துணிக்கொடிக் காலம் வரப்போகிறது என்று தெரு கலங்கியது. எத்தனையோ பேர் நாயைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆன்ட்டி ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, ஒவ்வொருவரிடமும் முடியாது என்றார். நான் சொல்லவில்லை. தெருவில் வெடி போடுகிற பையன்களுக்கு நான்தான் தலைவன் என்பது ஊரறிந்த விஷயம். பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பார்களா?

ஆன்ட்டி கட்ட ஆரம்பித்தார். கம்பத்தை இன்னும் ஆழமாக நட்டார். கதவுகளை இன்னும் நெருக்கி நிறுத்தினார். கடை மூடிய மத்தியான நேரங்களில் தூரப் போய் நின்று, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரு சோபாவை அரை அடி தள்ளுவார்.

நாலாம் தேதி சாயங்காலம் குறும்பு ராத்திரி. எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பையன்கள் என்ன செய்தாலும் போலீஸ்கூடக் கண்டுகொள்ளாது. கதவுப் பிடியில் வெல்லப்பாகு தடவலாம், எதிரெதிர் வீட்டுக் கதவுகளைக் கயிற்றால் கட்டிவிட்டு இரண்டையும் தட்டலாம். கூரை ஏறிப் புகைபோக்கிமேல் புல்கட்டி, அதாவது புல்லோடு பெயர்த்த மண், வைத்துப் புகையை அடைப்பது என் தனித் திறமை, அன்று இரண்டு மூன்று வீட்டுக்கு வைத்தேன். அப்புறம் கேட் கழற்றுவது. கழற்றிய கேட்டை மறுநாள் எங்காவது கண்டுபிடித்து அவரவர் திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் முறை.

ஆன்ட்டி வீட்டுப் பச்சை கேட்டைக் கழற்றத்தான் பின்பக்கம் போனேன். சமையலறைத் திரை சரியாக மூடியிருக்கவில்லை. உள்ளே ஆன்ட்டி தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கடைக் காகிதப் பைகள். ஒன்றை எடுத்து ஊதினார். மெதுவாகத் தட்டி உடைத்தார். பட். மேஜர் மேஜைக்கடியில் போயிற்று. ஆன்ட்டி ஒரு மீன் துண்டைக் காட்டி அதை வெளியே வரவழைத்தார். மறுபடி ஊதினார். பட். மறுபடி மேஜைக்கடியில்.

"ஒரே ஒரு தடவைடா" என்றார் நாயிடம். "ஒரே ஒரு தடவை நீ சும்மா படுத்துக் கிடந்தா, நான் ஓடிப் போய் ஒரு பார்வை பாத்துட்டு ஓடி வந்துடுவேன். அம்மாவை நம்ப மாட்டியா?"

நாய் நடுங்கிக்கொண்டே வந்து அவர் அக்குளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவர் மீதிப் பைகளை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டார்.

நான் கேட்டைக் கழற்றிக்கொண்டு போனேன். தொழில் என்று வந்துவிட்டால் பாரபட்சம் கூடாது. யாரும் தேடாத இடம் எது என்று யோசித்து, ஆன்ட்டி கட்டிய விறகுக்குள்ளேயே, பின்பக்கம் இரண்டு கதவுகளுக்கு நடுவில், அதைச் சொருகிவைத்தேன். காலையில் எடுத்துக்கொள்ளலாம்.

எடுக்க மறந்துபோனேன். மனது வேறு வேலையில் இருந்தது. இதை யாரும் பெரிய மனசு அது இது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வின்னி ஆன்ட்டியை ஏமாற்றுவது இந்தத் தெருவில் யாராலும் முடியாத காரியம். அதை நான் செய்துகாட்ட ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். தவிர, நெருப்பு சாயும்போது அவர் முகம் போகிற போக்கை நினைத்தாலே சிரிப்பாக வந்தது.

திட்டம் இதுதான். எங்கள் தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிக்கிற மிஸ் ஃபெதருக்கு நவம்பர் ஐந்து பிடிக்காது. அன்றைக்கு முன்னறைக் கணப்பை மூட்டி, திரையெல்லாம் இழுத்துவிட்டு, வெடிச் சத்தம் கேட்காதபடி உரக்க ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருப்பார். வெளியே தலை காட்டவே மாட்டார். ஆன்ட்டி நம்பக்கூடிய ஒரே ஆள் அவர்தான், ஏனென்றால் கதவைத் திறந்து ராக்கெட் பார்க்கிற ரகம் இல்லை. ஆன்ட்டி பற்றவைத்துவிட்டு வெளியே வந்ததும் என் தங்கை கரோல் போய்ச் சொல்ல வேண்டும். கரோலுக்கு ஏழு வயது, முகம் கிறிஸ்துமஸ் அட்டைத் தேவதை மாதிரி இருக்கும். கூலியாக என் வெல்லப்பாகு மிட்டாய் முழுவதையும் கேட்டாள். கொடுத்தேன்.

கரோல் சொன்னது அப்படியே இது: "வின்னி ஆன்ட்டி, மிஸ் ஃபெதர் வந்து மேஜரைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ஆர்மோனியம் வாசிச்சுக் காட்டறாங்களாம். மேஜர் காலடில படுத்துத் தூங்குதாம். நீங்க கடைசி வரைக்கும் நின்னு பாக்கணுமாம்."

"மிஸ் ஃபெதரா? அவங்களாவா வந்தாங்க?"

"ஆமா. தொப்பிகூடப் போட்டிருந்தாங்க."

தொப்பி கரோலின் சொந்தச் சரக்கு. அந்தத் தொப்பிதான் ஆன்ட்டியை விழவைத்தது. அவர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், நெருப்பை ஒரு தடவை பார்த்தார், அப்படியே ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாராம்.

நான் அதற்குள் அவர் வீட்டு நிலவறைப் படியில் இருந்தேன். சட்டத்தை மீறி, ஆன்ட்டி வீட்டுக் கதவு சாத்துவதற்குக் காத்திருக்காமல் முதல் ராக்கெட் போனதும் மேஜர் சுவருக்குள் நுழையப் பார்த்தது. சுவர் விடவில்லை, அதனால் என் கம்பளிச் சட்டைக்குள் நுழைந்தது. அதன் இதயம் அடிப்பது என் வயிற்றில் கேட்டது. அது இதயம் இல்லை, யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. நான் போட்ட வெடிகளெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அந்த விஷயம் அதோடு போகட்டும். நாயிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன், ஒரு பாட்டும் பாடியிருப்பேன். நாயிடம் பேசுவது கணக்கில் வராது. என்ன பேசினேன் என்று எழுதுவதாகவும் இல்லை.

மைதானத்தில் நடந்ததை அம்மா பிறகு எனக்குச் சொன்னாள்.

நெருப்பு நன்றாகப் பிடித்து, கந்தல் பொம்மையின் கால் வரை ஏறியிருந்த நேரம். ஆன்ட்டி முழங்காலில் கையை ஊன்றி, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு பார்த்திருக்கிறார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, முகமெல்லாம் கரியும் கண்ணெல்லாம் நீருமாக ஒரு உருவம் இருமிக்கொண்டே வந்தது. மிஸ் ஃபெதர்.

"எவனோ என் புகைபோக்கியில புல்கட்டியை வெச்சிருக்கான்! முன்னறை பூரா புகை! ஆர்மோனியம்கூட இருமுது!"

அந்த இரண்டு மூன்று வீடுகளில் அவர் வீடும் ஒன்று. எனக்கு அது ஞாபகமே இல்லை.

"அய்யோ, மேஜர் எங்க?" என்று ஆன்ட்டி எழுந்து கத்தினாராம்.

"எந்த மேஜர்? எனக்கு ராணுவத்துல யாரையும் தெரியாதும்மா."

ஆன்ட்டி கரோலைத் தேடினார். கரோல் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் போய்விட்டாள். அவ்வளவுதான், ஆன்ட்டி வீட்டைப் பார்த்து ஓடியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டாராம், ஓடாமல், நடந்தே. வரும்போது மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தார் என்றாள் அம்மா. புகையாயிருக்கும். வந்தவர் மறுபடி வாளிமேல் உட்கார்ந்து, மிஸ் ஃபெதரைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, கையில் பட்டாணிக் கிண்ணத்தைக் கொடுத்தார். மிஸ் ஃபெதர் முதல் ராக்கெட்டுக்குக் காதைப் பொத்தினார், இரண்டாவதற்கு ஒரு காதை மட்டும், மூன்றாவதற்குக் கைதட்டினார்.

பிறகு நெருப்பு விழும் நேரம் வந்தது. கம்பம் முனகியது. கதவுகள் ஒன்றையொன்று தள்ளின. எல்லோரும் பார்த்தது நெருப்பை இல்லை, வின்னி ஆன்ட்டியை. முதலில் அது நேராக உள்ளே இறங்கத்தான் ஆரம்பித்தது. பாதி வழியில் எதன்மேலோ தட்டி நின்றது. கொஞ்சம் யோசித்தது. அப்புறம் பொம்மை, அலமாரி, சோபா எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு, பெரிய வீட்டு அம்மா சோபாவில் சாய்கிற மாதிரி, இடது பக்கம் தொபுக்கடீரென்று சாய்ந்தது. தீப்பொறி மில் கூரை வரை போயிற்று. க்ளாரன்ஸ் தன் கக்கூஸ் முன்னால் ஒரு வாளித் தண்ணீரோடு தயாராக நின்றிருந்தார்.

பிறகு, பழக்கம் விடுமா? அவர் கண்ணெதிரே, அவர் முகத்துக்கு நேராகத் தெரு மொத்தமும் சொன்னது:

"உள்ளதான் விழுந்துச்சு வின்னி!"

"குடை மடக்கினாப்ல!"

அம்மாவும் சொன்னாளாம். வாயிலிருந்து தானாக வந்துவிட்டதாம்.

வின்னி ஆன்ட்டி அவர்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வாளியிலிருந்து வழுக்கிக் கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். "அடப் பாவிகளா! இத்தனை வருஷமா? அத்தனை பேருமா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். க்ளாரன்ஸ்தான் கை கொடுத்து எழுப்பினார். "நான் சொன்னேன்ல?" என்றார். "சொன்ன, சொன்ன. இருந்தாலும் உன் நெருப்பைவிட என்னோடது அழகாச் சாயுது" என்றார் ஆன்ட்டி. க்ளாரன்ஸ் ஆமென்று தலையாட்டினார். ஏனென்றால் அது உண்மை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நிலவறைப் படியில் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். வெளியே சத்தம் அடங்கியிருந்தது. மேஜர் என் மடியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது, எச்சில் என் கால்சட்டையில். அதை எழுப்பாமல் நழுவிவிடலாம் என்று நான் எழுந்திருக்கப் பார்த்தபோது கதவு திறந்தது. வின்னி ஆன்ட்டி. ஒரு கையில் பட்டாணிக் கிண்ணம், மறு கையில் இஞ்சி கேக். நான் அங்கே இருப்பதைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவே இல்லை. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"நான் சும்மா இந்தப் பக்கம்…" என்று ஆரம்பித்தேன்.

"சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டேன். பேச்சை மாற்ற வேண்டும். தவிர, எனக்கும் தெரிந்தாக வேண்டும். பிறந்ததிலிருந்து நான் பார்க்காமல் விட்ட முதல் நெருப்பு அது.

"ஆன்ட்டி, எப்படி விழுந்துச்சு?"

அவர் ஒரு படி கீழே இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். புருவம் இரண்டும் கருகியிருந்தன. முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை.

"உள்ளதான் கண்ணு" என்றார். "குடை மடக்கினாப்ல."

நான் நம்பினேன். என்னையும் ஒருவர் ஏமாற்ற முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்போ அடுத்த வருஷமும் நீங்கதானே?"

"பின்ன? இந்த வருஷம் கட்டினது சரியான கட்டு. நடுவுல ஏதோ தடுக்கலைன்னா…" என்று நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். "என் கேட்டு எப்படி எரியும்னு உனக்குத் தெரியுமா நெவில்? பச்சை பச்சையா எரியும். பெயின்ட்டு அப்படி. கூட்டத்துல எல்லாரும் ஆகா எவ்ளோ அழகுன்னாங்க."

நான் இன்னொரு வாய் பட்டாணியை அள்ளிப் போட்டுக்கொண்டேன். நெருப்பு சாய்ந்ததற்குக் கேட்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். முந்தைய வருஷங்களில் எந்தக் கேட் இருந்தது என்று கேட்க எனக்கு வாயில்லை.

"புதுசு செஞ்சு மாட்டிடறேன் ஆன்ட்டி."

"மாட்டு. மிஸ் ஃபெதர் புகைபோக்கியையும் சுத்தம் பண்ணிக் குடு. அடுத்த வருஷம் அவங்களும் நெருப்புக்கு வர்றாங்களாம், அதனால நாயைப் பாத்துக்க நீதான். ரகசியமா வர வேணாம், வாசல் வழியா வா."

நாயை என் மடியிலிருந்து அவர் மெதுவாகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அது தூக்கத்திலேயே அவர் காதை நக்கியது. தப்பித்தோம் என்று நான் கதவு வரை போய்விட்டேன்.

"நெவில்."

"என்ன ஆன்ட்டி?"

"நடுவுல ஒருக்கா ஓடி வந்தேன். கதவைத் திறக்கல, காதை வெச்சுக் கேட்டேன். 'தங்கமே, ராசாவே'ன்னு யாரோ என் நாயைக் கொஞ்சிக்கிட்டிருந்தான். 'உங்கம்மாவுக்கு எண்ண வராதுடா, ஒரு குளிர்காலம் பூரா எங்களுக்கு ஒரு மீன் கூடுதலாவே போட்டாங்க'ன்னு வேற சொன்னான்."

நான் கிண்ணத்துக்குள் பார்த்தேன். பட்டாணி ஒன்றுகூட மிச்சமில்லை.

"எனக்கு நல்லாவே எண்ண வரும்டா" என்றார் வின்னி ஆன்ட்டி.